கடலும் காப்புறுதியும்: இழப்பைப் பகிர்தலின் அறம்

ஒருவருக்கு நேர்ந்த துன்பத்தைப் பலரும் பங்கிட்டுக் கொள்ளுதல் அறமெனப் போற்றப்படுகின்றது. ஆபத்தைப் பணத்துக்கு விற்றலும் வாங்கலும் வணிகமெனப்படுகின்றது. கடற்காப்புறுதி என்னும் நிறுவனம் இவ்விரண்டுக்கும் இடையே பிறந்து, இரண்டின் இயல்பையும் ஒருங்கே கொண்டு வளர்ந்ததாகும். எனவே அதன் வரலாற்றை ஆராய்வது வணிக வரலாற்றின் ஒரு கூற்றை ஆராய்வதாக மட்டும் அமைவதில்லை. ஒழுக்கவியல் சார்ந்த இரு வினாக்களை எதிர்கொள்வதாகவும் அமைகின்றது. இழப்பு ஈடுசெய்யப்படும் என்ற உறுதி கிடைத்தபின், அவ்விழப்பைத் தவிர்க்கும் கடமை ஒருவனிடத்தில் எஞ்சுமா என்பது முதலாவது வினா. எவற்றையெல்லாம் விலைமதிப்புக்குரிய பொருளாகக் கொண்டு காப்புறுதி செய்யலாம் என்பது இரண்டாவது வினா. இவ்விரு வினாக்களும் ஒன்றோடொன்று தொடர்புடையன என்பதைக் கடற்காப்புறுதியின் வரலாறே தெளிவுறுத்துகின்றது.

காப்புறுதி தோன்றுவதற்கு நெடுங்காலம் முன்னரே, கடலில் நேரும் இழப்பைப் பகிர்ந்துகொள்ளும் வழக்கம் மத்தியதரைக் கடற்பகுதியில் நிலவியது. றோட்ஸ் தீவினரின் கடற்சட்டத்தைச் சார்ந்ததென உரோமச் சட்டவறிஞர் குறித்த விதியொன்று, கி. பி. 533 இல் யஸ்ரினியன் பேரரசன் வெளியிட்ட சட்டத்தொகுப்பில் இடம்பெற்றுள்ளது. புயலில் அகப்பட்ட மரக்கலத்தின் பாரத்தைக் குறைப்பதற்காக ஒருவனுடைய சரக்குக் கடலில் வீசப்படுமாயின், அதனாற் காப்பாற்றப்பட்ட கலத்துக்கும் சரக்குகளுக்கும் உரியோர் யாவரும் தத்தம் பொருளின் பெறுமதிக்கேற்பப் பங்கு செலுத்தி அவனுடைய இழப்பை ஈடுசெய்தல் வேண்டும் என்பதே அவ்விதியின் சாரமாகும். அனைவரின் நன்மைக்காகவும் இழக்கப்பட்டதை அனைவரும் சேர்ந்து தாங்குதல் வேண்டும் என்ற இக்கோட்பாடு இன்றுவரை கடற்சட்டத்தில் நிலைபெற்றுள்ளது.

இவ்விதியின் ஒழுக்க அடிப்படை உற்றுநோக்கத்தக்கது. இங்கு இழப்பைப் பகிர்வோர் அனைவரும் ஒரே ஆபத்துக்கு ஆளானவர்கள். எவனுடைய சரக்கு வீசப்படும் என்பது புயல் எழும்வரை எவருக்கும் தெரியாது. எனவே, இழந்தவனுக்குச் செலுத்தப்படும் பங்கு கொடையன்று; தனது பொருள் பிழைத்ததற்காக ஒவ்வொருவனும் தீர்க்கவேண்டிய கடனாகும்.

அதே உரோமத் தொகுப்பிற் காணப்படும் மற்றொரு கருத்தும் மனங்கொளத்தக்கது. காப்பாற்றப்பட்ட பொருள்களின் பெறுமதியைக் கணக்கிடும்போது, கலத்திலிருந்த சுதந்திர மனிதரின் உயிரைக் கணக்கிற் சேர்த்தலாகாது. ஏனெனில் அத்தகைய உடலுக்கு விலைமதிப்புச் செய்தல் இயலாது என்று சட்டவறிஞர் கொண்டனர். உயிருக்கு விலையில்லை என்ற உண்மை கடற்சட்டத்தின் தொடக்க காலத்திலேயே உணரப்பட்டிருந்தது. ஆயினும், அவ்வுண்மை சுதந்திர மனிதனுக்கு மட்டுமே உரித்தாக்கப்பட்டது. இதனாலெழும் இடர்ப்பாட்டை அதற்கு முன்னரே சிசரோ தமது கடமைகள் பற்றிய நூலின் மூன்றாம் பகுதியில் எடுத்துக் காட்டியுள்ளார். கிரேக்க மெய்யியலாளரான ஹெக்கற்றோன் எழுப்பிய வினாவொன்றை அவர் அங்கு முன்வைக்கின்றார். கடலில் எதையேனும் வீசியாக வேண்டிய நிலையில் விலையுயர்ந்த குதிரையை வீசுவதா, விலைமலிந்த அடிமையை வீசுவதா என்பதே அவ்வினா. சொத்தின் நலன் ஒருபுறம் இழுக்க, மனிதத்தன்மை மறுபுறம் இழுக்கின்றது என்ற அளவில் அது விடப்படுகின்றது. பள்ளிப் பயிற்சிக்கென எழுப்பப்பட்டதுபோலத் தோன்றும் இவ்வினா, பதினெட்டு நூற்றாண்டுகளுக்குப் பின்னர் உண்மை நிகழ்ச்சியாகவே உருவெடுத்தது. அதனைப் பின்னர் நோக்கலாம்.

பழங்காலத்து வணிகர் கடலாபத்தைப் பிறர்மேற் சுமத்துவதற்குக் கையாண்ட மற்றொரு வழி கடற்கடன் ஆகும். கலம் பாதுகாப்பாகத் திரும்பினால் மட்டுமே கடனையும் வட்டியையும் செலுத்தவேண்டும். கலம் மூழ்கினாற் கடனும் அதனுடன் மூழ்கிவிடும். கி. மு. நான்காம் நூற்றாண்டில் ஏதென்சில் இம்முறை பெருவழக்காயிருந்தது. டிமொஸ்தெனிசின் பெயரால் வழங்கும் வழக்குரைகளுள் ஒன்று அத்தகைய ஒப்பந்தமொன்றைப் பேணியுள்ளது. ஆயிரம் திரக்மாவுக்கு 225 திரக்மா வட்டி. கடல் கொந்தளிக்கும் பருவம் தொடங்கிய பின்னர்த் திரும்பினால் 300 திரக்மா. ஆபத்து மிகும்போது கட்டணமும் மிகும் என்ற காப்புறுதித் தத்துவம் இங்கு கருவடிவிற் காணப்படுகின்றது.

அம்முறை தோற்றுவிக்கக்கூடிய தீமையையும் அவ்வழக்குரைகளே காட்டுகின்றன. ஹெகஸ்திராற்றஸ் என்னும் கலவுரிமையாளன் சிராக்கியூசிற் பலரிடம் கடன்பெற்று, அப்பணத்தைத் தனது ஊராகிய மசாலியாவுக்கு அனுப்பிவிட்டு, நடுக்கடலிற் கலத்தைத் தானே மூழ்கடிக்க முயன்றான். இரவில் அடித்தளத்தைத் துளையிட்டுக் கொண்டிருந்தபோது கண்டுபிடிக்கப்பட்டான். தப்பியோடும் நோக்குடன் சிறுபடகை நாடிக் குதித்தவன் அதனைத் தவறவிட்டுக் கடலில் மாண்டான். கலம் மூழ்கினால் கடன் தீரும் என்ற விதி, கலத்தைக் காக்கவேண்டியவனையே அதனை அழிக்கத் தூண்டியது. கலத்தில் வேறு மனிதரும் இருந்தனர் என்பது அவனுடைய கணக்கில் இடம்பெறவில்லை.

ஈழத்துக் கடற்கரையிலும் கடலிழப்புப் பற்றிய சிந்தனை பண்டே நிலவியமைக்குச் சான்றுண்டு. நயினாதீவிலுள்ள பன்னிரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த முதலாம் பராக்கிரமபாகுவின் தமிழ்க் கல்வெட்டு, ஊராத்துறைக்கு வரும் பரதேசிகளுக்குப் பாதுகாப்பளிக்க வேண்டுமெனக் கூறுவதோடு, உடைந்த கலங்கள் பற்றியும் விதிக்கின்றது. யானையும் குதிரையும் கொண்டுவந்த கலம் கெட்டால் நாலிலொரு கூறு பண்டாரத்துக்கும் மூன்று கூறு உடையவனுக்கும் உரியன; வாணிகச் சரக்குக் கொண்டுவந்த கலம் கெட்டால் இரண்டும் சரிபாதியாகப் பகிரப்படும். இது காப்புறுதி அன்று. கரையொதுங்கிய பொருள் முழுவதையும் அரசு தனதாக்கிக் கொள்ளாமல், தனது உரிமைக்குத் தானே ஓரெல்லை வகுத்தமையே இங்கு காணப்படுவது. ஆயினும், கடலில் இழந்தவன் கரையிலும் இழத்தல் தகாது என்ற எண்ணம் இதில் ஓரளவு வெளிப்படுகின்றது. அரசுக்குத் தேவையான போர்விலங்குகளைக் கொணர்ந்தவனுக்கு மிகுந்த சலுகையளிக்கப்பட்டமை, அவ்வெண்ணம் அரசின் நலனோடு பிணைந்திருந்ததையும் உணர்த்துகின்றது.

காப்புறுதி தனியொரு ஒப்பந்தமாக உருப்பெற்றது பதினான்காம் நூற்றாண்டின் இத்தாலிய நகரங்களிலேயாகும். இதற்குச் சமயக் காரணமொன்றும் துணைநின்றது. பதின்மூன்றாம் நூற்றாண்டிற் பாப்பரசர் ஒன்பதாம் கிரகரி, கடலாபத்தைத் தான் ஏற்பதாகக் கூறிக் கடன்முதலுக்கு மேலாகப் பணம் பெறுவோனும் வட்டி வாங்கும் பாவத்துக்கு உள்ளாவான் என்ற கருத்தை வெளியிட்டார். கடற்கடன் ஐயத்துக்குரியதாகவே, கடனையும் ஆபத்தையும் வேறுபிரிக்கும் வழியை வணிகர் நாடினர். 1347 ஆம் ஆண்டு ஒக்ரோபர் 23 ஆந் திகதி ஜெனோவாவில் எழுதப்பெற்ற ஆவணம், இன்று எஞ்சியுள்ள மிகப் பழைய காப்புறுதி ஒப்பந்தமெனக் கருதப்படுகின்றது. சாந்த கிளாரா என்னும் கலம் ஜெனோவாவிலிருந்து மஜோர்க்காவுக்குச் செல்லும் பயணம் பற்றியது அது. காப்புறுதி என்ற சொல் அதில் இல்லை. காப்புறுதியாளன் வட்டியில்லாக் கடன் பெற்றதாகவும், கலம் பாதுகாப்பாகச் சேர்ந்தால் அக்கடன் இரத்தாகும் எனவும் அது கற்பனையாக எழுதப்பட்டது. பிற்காலத்தில் உண்மையுரைத்தலையே உயிர்நாடியாகக் கொள்ளவிருந்த ஒப்பந்தம், பொய்யான கடனொன்றின் போர்வையிலேயே பிறந்தது.

இம்மாற்றத்தின் உட்பொருள் பெரிது. றோட்ஸ் விதியில் இழப்பைப் பகிர்ந்தோர் ஒரே கலத்திற் பொருளிட்டவர்கள். இப்போது ஆபத்தை ஏற்பவன் கரையில் அமர்ந்திருக்கும் அந்நியன். கட்டணம் பெற்று ஆபத்தை வாங்குபவன். இதனால் விளைந்த நன்மையை மறுத்தற்கில்லை. ஒரு கலம் மூழ்கியதால் ஒரு குடும்பமே அழிந்துபோகும் நிலை குறைந்தது. சிறுமுதலாளனும் தூரதேச வாணிகத்தில் ஈடுபட முடிந்தது. 1601 ஆம் ஆண்டின் ஆங்கிலச் சட்டமொன்று, சிலர்மேற் பாரமாக விழக்கூடிய இழப்பைப் பலர்மேல் இலேசாக விழச்செய்வதே காப்புறுதியின் பயன் எனத் தனது முகவுரையிற் குறிப்பிட்டது. 1688 அளவில் இலண்டனில் எட்வேட் லோயிட் நடத்திய கோப்பிக்கடை இத்தொழிலின் மையமாக வளர்ந்தது. அங்குக் கூடிய செல்வர்கள், பத்திரத்தின் அடியிற் பெயரெழுதித் தாம் ஏற்கும் பங்கைக் குறித்தனர். ஒரு கலத்தின் ஆபத்து இவ்வாறு பலரிடையே பகிரப்பட்டது.

ஆயினும், பகிர்வோன் அந்நியனாகியபோது பழைய விதியில் இயல்பாயமைந்திருந்த கட்டுப்பாடுகள் மறைந்தன. அவற்றைச் சட்டம் மீண்டும் செயற்கையாக ஆக்க வேண்டியதாயிற்று. 1435 ஆம் ஆண்டின் பார்சலோனா விதிகள் முழுப் பெறுமதிக்கும் காப்புறுதி செய்ய இடமளியாது, ஒரு பகுதியை உரிமையாளனே தாங்குமாறு செய்தன. தன்பொருளில் ஒரு கூறாவது ஆபத்தில் இருந்தாலன்றி ஒருவன் கவனமாயிரான் என்ற மனித இயல்பறிவே இதற்கு அடிப்படை. இங்கிலாந்தில் கலத்தோடு எவ்விதத் தொடர்புமில்லாதோரும் அது மூழ்குமெனப் பந்தயம் கட்டுவதுபோலக் காப்புறுதி பெற்றனர். அத்தகைய பத்திரங்களை 1745 ஆம் ஆண்டின் சட்டம் தடைசெய்தது. பொருள் பிழைத்தால் நன்மையும் அழிந்தால் தீமையும் அடையக்கூடியவனே அதற்குக் காப்புறுதி பெறலாம் என்னும் ‘காப்புறுதிக்குரிய அக்கறை’ என்ற கோட்பாடு இவ்வாறு வலுப்பெற்றது. 1766 இல் காட்டர் எதிர் போயம் என்ற வழக்கில் மான்ஸ்பீல்ட் பிரபு, ஆபத்தை மதிப்பிடுவதற்கு வேண்டிய செய்திகளை இருதரப்பினரும் மறைத்தலாகாது என்ற நன்னம்பிக்கைக் கடமையை நிலைநாட்டினார். சுமாத்திராவிலுள்ள கோட்டையொன்றை எதிரி கைப்பற்றுவது பற்றிய காப்புறுதியே அவ்வழக்குக்குப் பொருளாயிருந்தது.

தன்னலம், உண்மை என்பவற்றைச் சட்டம் இவ்வாறு ஒழுங்குபடுத்திய பின்னரும் இரண்டாவது வினா எஞ்சிநின்றது. அதனை உலகுக்கு வெளிப்படுத்தியது ‘சோங்’ என்னும் கப்பலின் நிகழ்ச்சியாகும். லிவர்பூல் வணிகக் குழுவொன்றுக்குச் சொந்தமான இக்கப்பல், 1781 ஆகஸ்டில் ஆபிரிக்கக் கரையிலிருந்து 442 அடிமைகளை ஏற்றிக்கொண்டு ஜமெய்க்காவை நோக்கிப் புறப்பட்டது. அவர்கள் தலைக்கு 30 பவுண் வீதம் காப்புறுதி செய்யப்பட்டிருந்தனர். நோயினாற் பலர் மாண்டனர். வழிதவறியதாற் பயணமும் நீண்டது. நவம்பர் 29 ஆந் திகதி முதற் சில நாட்களில், குடிநீர் போதாது என்ற காரணங்காட்டி, ஏறத்தாழ 130 ஆண்களும் பெண்களும் குழந்தைகளும் உயிரோடு கடலில் வீசப்பட்டனர். கப்பல் ஜமெய்க்காவை அடைந்தபோது 420 கலன் நீர் எஞ்சியிருந்தது.

நோயினால் இறக்கும் அடிமைக்குக் காப்புறுதிப் பணம் கிடைப்பதில்லை. கலத்தைக் காக்கும் அவசியத்தால் வீசப்படும் ‘சரக்குக்கு’க் கிடைக்கும். இதுவே அக்காலக் காப்புறுதி வழக்கம். உரிமையாளர் பணங்கோரினர், காப்புறுதியாளர் மறுத்தனர். 1783 மார்ச்சில் நடுவர் குழு உரிமையாளருக்குச் சார்பாகத் தீர்த்தது. மே மாதம் மேலாய்வை விசாரித்த மான்ஸ்பீல்ட் பிரபு, நடுவர்களைப் பொறுத்தவரை குதிரைகள் வீசப்பட்டதற்கும் இதற்கும் வேறுபாடிருக்கவில்லை எனக் குறிப்பிட்டார். இறுதித் தொகுதியினர் வீசப்படுவதற்கு முன்னரே மழை பெய்திருந்தமை தெரியவந்ததனால், மறுவிசாரணைக்கு நீதிமன்று அனுமதியளித்தது. ஒரு காலத்தில் தாமே அடிமையாயிருந்த ஒலோடா எக்குவியானோ இச்செய்தியை அறிவிக்க, கிரன்வில் ஷார்ப் கொலைக்குற்றம் சாட்டப்படவேண்டுமெனப் போராடினார். எவர்மீதும் அக்குற்றச்சாட்டு விசாரிக்கப்படவில்லை. சிசரோ முன்வைத்த வினாவுக்கு விடை இவ்வாறு கிடைத்தது. அவ்விடையைத் தீர்மானித்தது காப்புறுதிப் பத்திரம்.

இங்கு ஓர் ஆட்சேபம் எழக்கூடும். மனிதரைச் சொத்தாக்கியது அடிமைமுறை. காப்புறுதி அதனைப் பின்பற்றியதேயன்றி உருவாக்கவில்லை. ஆகவே குற்றத்தைக் காப்புறுதிமீது ஏற்றுவது பொருந்தாது என்பதே அது. இவ்வாட்சேபத்தில் உண்மையுண்டு, ஆயினும் முழு உண்மையில்லை. காப்புறுதி இல்லாதிருப்பின், நோயினால் இறந்த அடிமையும் கடலில் வீசப்பட்ட அடிமையும் உரிமையாளனுக்கு ஒரே அளவினதான இழப்பே. உயிரோடு கரைசேர்ப்பதே அவனது நலனாக இருந்திருக்கும். உயிரோடிருப்பவனிலும் வீசப்பட்டவன் அதிக பெறுமதியுடையவனாகும் நிலையை உண்டாக்கியது காப்புறுதி ஒப்பந்தமேயாகும். மேலும், அவ்வொப்பந்தத்தின் விதிகள் இங்கு மீறப்பட்டன என்று மட்டும் கூறி அமைதலும் இயலாது. நீர் உண்மையாகவே தீர்ந்திருக்குமாயின், அச்சட்டத்தின்படி உரிமையாளருக்குப் பணம் உரியதாகியிருக்கும். அக்கறை இருந்தது, பத்திரம் செல்லுபடியானது, விலை குறிக்கப்பட்டிருந்தது. எல்லா விதிகளும் நிறைவேறிய பின்னரும் அச்செயல் கொலையாகவே இருந்திருக்கும். தவறு விதிகளைப் பின்பற்றியமையிலன்று, விலையிடத் தகாததற்கு விலையிட்டமையிலேயே தங்கியிருந்தது. 1788 முதல் நிறைவேறிய சட்டங்கள் இத்தகைய கோரிக்கைகளைப் படிப்படியாகத் தடுத்தன. ஆங்கிலேய அடிமை வாணிகம் 1807 ஆம் ஆண்டுச் சட்டத்தாலேயே ஒழிக்கப்பட்டது.

அடிமைமுறை ஒழிந்ததோடு வினா தீர்ந்துவிடவில்லை என்பதற்குப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஆங்கிலக் கப்பற்றொழிலே சான்றாகும். பழுதடைந்த கப்பல்கள் அளவுமீறிப் பாரமேற்றப்பட்டுக் கடலுக்கு அனுப்பப்பட்டன. பெறுமதிக்கு மேலாகக் காப்புறுதி செய்யப்பட்டிருந்ததால், அவை மூழ்கினும் உரிமையாளருக்கு நட்டமில்லை. மாலுமிகள் அவற்றைச் சவப்பெட்டிக் கப்பல்கள் என்றழைத்தனர். பாராளுமன்ற உறுப்பினரான சாமுவேல் பிளிம்சோல் 1873 இல் மாலுமிகளின் நிலைபற்றி நூலெழுதி, 1875 இற் பாராளுமன்றத்திற் கொதித்தெழுந்து பேசியதன் பயனாக, 1876 இல் பாரக்குறியைக் கப்பலிற் பொறிப்பது கட்டாயமாயிற்று. அக்குறி எங்கு அமையவேண்டும் என்பது 1890 இலேயே சட்டத்தால் நிர்ணயிக்கப்பட்டது. அதுவரை உரிமையாளனே தான் விரும்பிய இடத்திற் குறிபொறிக்க முடிந்தது. இங்கு மாலுமியின் உயிருக்கு எவரும் விலையிடவில்லை. அதனாலேயே அது கணக்கில் இடம்பெறாது போயிற்று. விலையிடத் தகாததற்கு விலையிடுதல் ஒரு தீமை. விலையில்லாததை மதிப்பில்லாதது எனக் கொள்ளுதல் மற்றொரு தீமை.

1906 ஆம் ஆண்டின் பிரித்தானியக் கடற்காப்புறுதிச் சட்டம் இவ்வனுபவங்களைத் தொகுத்தது. காப்புறுதி இலாபத்துக்கன்று, இழப்பீட்டுக்கே என்றும், பந்தயப் பத்திரங்கள் செல்லா என்றும், வேண்டுமென்றே விளைவித்த இழப்புக்கு ஈடில்லை என்றும் அது விதித்தது. இழப்பைத் தவிர்க்கவும் குறைக்கவும் நியாயமான முயற்சிகளைக் காப்புறுதி பெற்றவன் செய்தல் வேண்டும் என்றும் கூறியது. நன்னம்பிக்கைக் கடமையை மீறியதன் விளைவுகளை 2015 ஆம் ஆண்டின் சட்டம் திருத்தியமைத்ததேனும், அக்கடமை கைவிடப்படவில்லை. முதலாவது வினாவுக்குச் சட்டம் கண்ட விடை இதுவேயாகும்: ஈடு உறுதியாயிருப்பினும் காக்கும் கடமை நீங்குவதில்லை.

ஆனால், ஒப்பந்தத்துக்குப் புறம்பானவர்களின் நிலை இன்றும் சிந்தனைக்குரியதாகவே உள்ளது. 2021 ஆம் ஆண்டு மே 20 ஆந் திகதி கொழும்புக்கு அப்பாற் கடலில் தீப்பற்றிய ‘எக்ஸ்பிரஸ் பேர்ள்’ கொள்கலக் கப்பல் யூன் 2 ஆந் திகதி மூழ்கியது. நைத்திரிக்கமிலமும் வேறு இரசாயனங்களும் அதில் ஏற்றப்பட்டிருந்தன. பெருந்தொகையான பிளாஸ்ரிக் மணிகள் மேற்குக் கரையெங்கும் ஒதுங்கின. ஆமைகள் இறந்து கரையடைந்தன. மீனவர் தம் தொழிலை நிறுத்த நேர்ந்தது. கப்பலுக்கும் சரக்குக்கும் பெறுமதியுண்டு. அவற்றுக்குரியோர் பத்திரங்களைக் காட்டலாம். வலையை வீசமுடியாதிருந்த மீனவனிடம் எப்பத்திரமும் இல்லை. கப்பலுரிமையாளரின் பொறுப்புக்கு உச்சவரம்பிடும் கடற்சட்ட மரபு, அவனுடைய இழப்பு எவ்வளவு என்று கேட்பதற்கு முன்னரே விடையைக் குறுக்கிவிடுகின்றது. இலங்கை உயர் நீதிமன்றம் 2025 யூலையில் 100 கோடி அமெரிக்க டொலர் இழப்பீடு செலுத்தப்பட வேண்டுமெனத் தீர்ப்பளித்தமை, அவ்வரம்பை ஏற்க மறுக்கும் ஒழுக்க உணர்வின் வெளிப்பாடெனலாம்.

தொகுத்து நோக்குமிடத்து ஓருண்மை புலனாகின்றது. காப்புறுதி இழப்பை ஒழிப்பதில்லை. அதனை ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்கு மாற்றுகின்றது. மூழ்கிய கலம் மூழ்கியதே. அம்மாற்றம் எவருடைய சம்மதத்தோடு நிகழ்கின்றது, இறுதியில் எவர்மேற் சென்று தங்குகின்றது என்பதைப் பொறுத்தே அது அறமாகவோ அறமற்றதாகவோ அமையும். ஒரே கலத்தில் இருந்தவர்கள் தமக்குள் வகுத்துக்கொண்ட பழைய விதியில் இழப்புச் சென்றடையும் இடத்தை அனைவரும் அறிந்திருந்தனர், அனைவரும் ஏற்றிருந்தனர். சோங் கப்பலின் அடித்தட்டிற் கிடந்தோரும், சவப்பெட்டிக் கப்பல்களில் ஏறிய மாலுமிகளும் அத்தகைய உடன்பாடு எதிலும் பங்குகொள்ளவில்லை. அவர்களைப் பற்றிய ஒப்பந்தம் அவர்களின்றியே எழுதப்பட்டது. ஆதலால், எக்காப்புறுதி முறையையும் மதிப்பிடப் புகுவோர், பத்திரத்தில் ஒப்பமிட்டோரின் நலன் காக்கப்பட்டதா என ஆராய்வதோடு அமையாது, ஒப்பமிடும் வாய்ப்பே இல்லாதோர் எவரேனும் அதே கலத்தில் உள்ளனரா என்பதையும் ஆராய்தல் வேண்டும்.